புது மேக் மினி வரட்டும்னு காத்திருக்கலாமா? மலை மேல இருக்கறவங்க கேக்கற கேள்விகள்

குன்னூர்ல சின்னதா ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை நடத்தறேன். அக்டோபர்ல ஆப்பிளோட எம்5 சிப் வந்ததுல இருந்து போன்லயும் நேர்லயும் ஒரே கேள்விதான், "அண்ணா புது மேக் மினி எப்ப வரும், இப்ப இருக்கறத வாங்கலாமா வேண்டாமா". (மேக் மினின்னா ஸ்கிரீன் இல்லாம பொட்டி மட்டும் வர்ற ஆப்பிளோட குட்டி டெஸ்க்டாப்.) ஊட்டியில இருந்து ஒருத்தர், கோத்தகிரியில இருந்து ரெண்டு பேரு, போன வாரம் கூடலூர்ல இருந்து கூட ஒரு அக்கா கூப்பிட்டாங்க. சொல்லிச் சொல்லி தொண்டை வறண்டு போச்சு, அதான் கேட்டதை எல்லாம் சேத்து இங்க எழுதி வச்சுட்டேன். எழுதறது 2025 டிசம்பர் நடுவுல. நீங்க படிக்கறப்போ புதுசு வந்திருந்தா தேதி கணக்கை எல்லாம் விட்டுட்டு கரண்ட், குளிர் பத்தி எழுதினதுக்கு நேரா போயிடுங்க, அது எந்த சிப் வந்தாலும் மாறாது.

கேள்வி: புதுசு வருதா இல்லையா, அதை முதல்ல சொல்லுங்க.

வரும். ஆனா ஆப்பிள் தேதியை முன்கூட்டியே சொல்ற பழக்கமே கிடையாது, அறிவிக்கற அன்னைக்குத்தான் நமக்குத் தெரியும், அதுக்கு முன்னாடி யூடியூப்ல வர்றதெல்லாம் ஜோசியம். நிச்சயமா தெரிஞ்சது இவ்வளவுதான்: 2025 அக்டோபர் 15ல எம்5 சிப்பை அறிவிச்சாங்க, 14 இன்ச் மேக்புக் ப்ரோ, ஐபேட் ப்ரோ, விஷன் ப்ரோ மூணுலயும் அது வந்துடுச்சு, மினி மட்டும் 2024 அக்டோபர் 29ல அறிவிச்ச எம்4லயே இன்னும் நிக்குது. லேப்டாப்ல வந்த சிப் டெஸ்க்டாப்புக்கும் வரும்தானேன்னு கேட்டா, பெரும்பாலும் வரும், எல்லா தடவையும் வராது.

கேள்வி: பழைய தேதிகளை வச்சு கணக்கு போட்டா தெரியாதா?

நானும் போட்டுப் பாத்தேன். முதல் மேக் மினி 2005 ஜனவரில ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில காட்டினது, விலை 499 டாலர், உள்ள பவர்பிசி ஜி4 சிப். (அதே 2005லதான் நம்ம மலை ரயிலுக்கு யுனெஸ்கோ அந்தஸ்து கிடைச்சது, ரயில் இன்னும் அதே பல்சக்கரத்துலதான் ஏறுது, மினி மூணு வகை சிப்பு மாறிடுச்சு.) 2006 பிப்ரவரில இன்டெல் சிப் வந்துச்சு, அப்புறம் 2007 ஆகஸ்ட், 2009 மார்ச், 2010 ஜூன், 2011 ஜூலை, 2012 அக்டோபர்னு ஒண்ணு ஒண்ணரை வருஷத்துக்கு ஒண்ணு சொல்லி வச்ச மாதிரி வந்துட்டு இருந்துச்சு. அதுக்கப்புறம்தான் கெட்டுது.

2014 அக்டோபர்ல ஒண்ணு வந்துச்சு பாருங்க, அதை நான் யாருக்குமே மறக்க விடமாட்டேன். 2012 மினில நாலு கோர் (சிப்புக்குள்ள தனித்தனியா வேலை செய்யற பகுதி) மாடல் இருந்துச்சு, அடியில மூடியைக் கழட்டி ரேமை நாமளே மாத்திக்கலாம். ரெண்டு வருஷம் காத்திருந்து வந்த 2014ல ரெண்டு கோர் மட்டும்தான், ரேமையும் போர்டுலயே ஒட்டிட்டாங்க. புதுசு வரட்டும்னு உக்காந்திருந்தவங்க எல்லாம் பழசைத் தேடி அலைஞ்சாங்க. அதுக்கப்புறம் நாலு வருஷம் ஒண்ணுமே இல்ல, 2018 அக்டோபர் கடைசியிலதான் அடுத்தது.

ஆப்பிள் தன்னோட சொந்த சிப்புக்கு மாறின பிறகு எம்1 மினி 2020 நவம்பர், எம்2 2023 ஜனவரி, எம்4 2024 அக்டோபர். அதாவது இடைவெளி 26 மாசம், 21 மாசம். இப்ப எம்4க்கு 14 மாசம்தான் ஆகுது. இதே வேகத்துல போனா 2026 நடுவுல இருந்து கடைசிக்குள்ள ஒரு நேரம்னு வச்சுக்கலாம், இது என் கணக்கு, இதை நம்பி யாரும் வேலையை ஒப்புக்காதீங்க.

கேள்வி: எம்2க்கு அப்புறம் எம்4னு சொல்றீங்க, எம்3 மினி எங்க?

வரவே இல்ல. 2023 அக்டோபர் 30ல எம்3 வந்துச்சு, மேக்புக் ப்ரோவுக்கும் ஐமேக்குக்கும் (ஸ்கிரீனும் பொட்டியும் ஒண்ணா இருக்கற டெஸ்க்டாப்) போட்டாங்க, அடுத்தது மினிதான்னு எல்லாரும் சொன்னாங்க. ஊட்டில ஒரு ஸ்டுடியோக்காரர் எங்கிட்ட எம்2 வாங்க வந்துட்டு "எம்3 வரட்டும் அண்ணா"ன்னு திரும்பிப் போனவரு, சரியா ஒரு வருஷம் பழைய விண்டோஸ் மெஷின்ல ராத்திரி ராத்திரியா ரெண்டர் போட்டுட்டு கிடந்தாரு. ஐமேக்குக்கும் இதே கதைதான், அதுல எம்1க்கு அப்புறம் நேரா எம்3, எம்2 கிடையாது. அதனால மினிக்கு எம்5 கட்டாயம் உண்டுன்னு நானா சத்தியம் பண்ணித் தரமாட்டேன்.

கேள்வி: நீங்களே அவசரப்பட்டு வாங்கி ஏமாந்தீங்களாமே?

யாரு சொன்னா? சரி, உண்மைதான். 2024 செப்டம்பர் நடுவுல கோயம்புத்தூர் இறங்கிப் போய் எம்2 மினி வாங்கினேன், 8 ஜிபி ரேம், 256 ஜிபி ஸ்டோரேஜ், 59,900 ரூபா முழு விலை. ஆறு வாரத்துல எம்4 வந்துச்சு, அதே 59,900 ரூபா, ஆனா ரேம் 16 ஜிபி, பொட்டி பாதி சைஸ். ரெண்டு நாளைக்கு சோறு இறங்கல. கடைக்காரரைத் திட்ட முடியாது, அவருக்கும் தெரியாது, தப்பு எம்மேலதான், ஏன்னா அப்ப எனக்கு எந்த வேலையும் காத்துட்டு இல்ல, சும்மா ஆசைக்கு வாங்கினது. ஸ்டுடியோக்காரர் வேலையை வச்சுட்டு காத்திருந்தாரு, நான் வேலை இல்லாம வாங்கினேன். ரெண்டு பேரும் தப்பு பண்ணோம், ஆனா கணக்கு போட்டா அவருக்குத்தான் நஷ்டம் ஜாஸ்தி, ஒரு முகூர்த்த சீசனே போச்சு.

கேள்வி: எம்5 மினி வந்தா என்ன மாறும், அதையாவது சொல்லுங்க.

எம்5 சிப் எப்படின்னு மேக்புக் ப்ரோல வந்ததை வச்சு சொல்லலாம். 10 சிபியு கோர் (பொது வேலைக்கு), 10 ஜிபியு கோர் (கிராஃபிக்ஸுக்கு), ரெண்டும் எம்4 மினில இருக்கற அதே எண்ணிக்கைதான். எல்லா கோரும் சேந்து ஓடற வேலையில எம்4ஐ விட 15 சதவீதம் வரை வேகம்னு ஆப்பிளே சொல்றாங்க. மெமரி பேண்ட்வித், அதாவது சிப்புக்கும் மெமரிக்கும் நடுவுல தகவல் போற வேகம், நொடிக்கு 120 ஜிபில இருந்து 153 ஜிபியா ஏறியிருக்கு. ஒவ்வொரு ஜிபியு கோர்லயும் ஏஐ வேலைக்குன்னு தனியா ஒரு பகுதி வச்சிருக்காங்க, அதனால மெஷின்லயே ஏஐ மாடல் ஓட்டிப் பாக்கறவங்களுக்கு வித்தியாசம் நல்லாவே தெரியும். மத்தவங்களுக்கு? பத்து நிமிஷம் ஓடற எக்ஸ்போர்ட் ஒன்பது நிமிஷத்துல முடியும். அந்த ஒரு நிமிஷத்துல டீ கூட ஆத்த முடியாது.

பொட்டியோட வடிவம் மாறும்னு எனக்குத் தோணல. 2024லதான் 12.7 சென்டிமீட்டர் சதுரத்துக்கு சுருக்கினாங்க. 2010ல கொண்டு வந்த வடிவத்தை 2023 வரைக்கும் அப்படியே ஓட்டினவங்க, ரெண்டு வருஷத்துல மறுபடி மாத்த மாட்டாங்க.

கேள்வி: புதுசு வந்தா பழசு விலை குறையும்ல, அதுக்காவது காத்திருக்கலாமே?

இந்த தடவை அப்படி நம்பி உக்காராதீங்க. மினி விலை இந்தியாவுல 2018ல 75,900, 2020ல 64,900, 2023லயும் 2024லயும் 59,900னு இறங்கிட்டே வந்திருக்கு, உண்மைதான். ஆனா 2025 கடைசில ரேம் விலை தாறுமாறா ஏறுது, ஏஐ டேட்டா சென்டருக்கெல்லாம் மெமரி சிப் மொத்தமா போயிடுது. டிசம்பர் தொடக்கத்துல மைக்ரான் கம்பெனி க்ரூஷியல்ங்கற தன்னோட பிராண்டையே மூடறதா அறிவிச்சுட்டாங்க, நம்மள மாதிரி சில்லறைக் கடைக்காரங்க கஸ்டமருக்கு வழக்கமா போட்டுக் குடுத்துட்டு இருந்த ரேம் அது. என் கடையிலயே ஒரு பழைய டெல் பொட்டிக்கு ரேம் போட விலை கேட்டவரு, நான் சொன்னதும் "பொட்டியையே நீங்க வச்சுக்கோங்க"ன்னுட்டாரு. அதனால அடுத்த மினி விலை ஏறினாலும் ஆச்சரியம் இல்ல, இறங்கும்னு சொல்றவங்க வாயில சர்க்கரை போடலாம்.

படிக்கற பசங்க, டீச்சருங்க வீட்டுல இருந்தா கல்வி விலை 49,900 ரூபா, பத்தாயிரம் மிச்சம். ஜிஎஸ்டி நம்பர் இருக்கற கடைக்காரங்க பில்லை நம்பரோட போட்டு வாங்குங்க, 59,900ல 18 சதவீத வரி மட்டும் 9,137 ரூபா இருக்கு, அதை இன்புட்ல எடுத்துக்கலாம், அதாவது நீங்க கட்டற ஜிஎஸ்டில கழிச்சுக்கலாம். இதை விட்டுட்டு "எப்ப தள்ளுபடி வரும்"னு கேக்கறவங்கதான் அதிகம்.

கேள்வி: கல்யாண வீடியோ எடிட் பண்றேன், தை பொறந்தா சீசன். என்ன பண்ணட்டும்?

தம்பி, நீ இன்னைக்கே எம்4 வாங்கு. தை முகூர்த்தம் எம்5க்காக தள்ளிப் போகாது. 4கே 10பிட் 4:2:2ல எடுக்கறல்ல, அந்த ஃபைலை ஓட்டறதுக்கு தனியா மீடியா எஞ்சின்னு சிப்புலயே இருக்கு, டைம்லைன் இழுத்தா சிக்காது. 16 ஜிபி கேண்டிட், ஹைலைட்ஸ், முழு நீள வீடியோ எல்லாத்துக்கும் போதும். டாவின்சி ரிசால்வ் எடிட்டிங் சாஃப்ட்வேர்ல நாய்ஸ் ரிடக்ஷன், பெரிய ஃப்யூஷன் (எஃபெக்ட்ஸ்) வேலை எல்லாம் தினமும் பண்ணுவேன்னா 24 ஜிபி பாரு, இல்லேன்னா அந்தக் காசுல ஒரு லென்ஸ் வாங்கு.

கேள்வி: 256 ஜிபி ஸ்டோரேஜ் எப்படி பத்தும்?

பத்தாது, ஆனா ஆப்பிள்கிட்ட வாங்காதீங்க. 256ல இருந்து 512க்கு போக 20,000 ரூபா, பொட்டி விலையில மூணுல ஒரு பங்கு. வெளிய ஒரு நல்ல எஸ்எஸ்டி வாங்கி பின்னாடி தண்டர்போல்ட் போர்ட்ல சொருகிட்டு ப்ராஜெக்ட் எல்லாம் அதுல வைங்க, சிஸ்டமும் சாஃப்ட்வேரும் மட்டும் உள்ள. ரேம் அப்படி இல்ல, அது சிப்போட சேந்தே வருது, வாங்கற அன்னைக்கு எடுத்ததுதான் கடைசி வரைக்கும். அதனால கையில கூட காசு இருந்தா ரேமுக்கு போடுங்க. எம்4 மினில உள்ள இருக்கற எஸ்எஸ்டியை கழட்டி மாத்தலாம்னு வீடியோ பாத்துட்டு கேக்கறீங்க, முடியும்தான், தனி துண்டாத்தான் இருக்கு, ஆனா மாத்தின பிறகு இன்னொரு மேக்கை சொருகி சிஸ்டத்தை மறுபடி ஏத்தணும், வாரண்டியில இருக்கறப்போ அதைத் தொட வேண்டாம்.

கேள்வி: எங்க டீ ஃபேக்டரி ஆபீஸ்ல டேலி ஓடணும், ஓடுமா?

வேண்டாம். டேலி கணக்கு சாஃப்ட்வேர் விண்டோஸுக்கு எழுதினது, அதோட டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன், பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்னு பின்னாடி ஒரு வாலே வரும். சுத்தி வளைச்சு ஓட்ட வைக்கலாம், ஆனா பச்சைத்தழை கணக்கு முடிக்கற அன்னைக்கு ராத்திரி எனக்குத்தான் போன் வரும். ஒரு விண்டோஸ் 11 பொட்டி வாங்கிக்கோங்க. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட் முடிஞ்சது, அதுலயே ஓட்டிட்டு இருக்கறவங்க மினி வருமா வராதான்னு யோசிக்கறதை விட்டுட்டு முதல்ல அதைப் பாருங்க.

கேள்வி: நம்ம ஊர்ல கரண்ட் போற லட்சணத்துக்கு டெஸ்க்டாப் சரியா வருமா? லேப்டாப்பே வாங்கிடலாமா?

இதுதான் சரியான கேள்வி, ஆனா கேக்கறவங்க கம்மி. ஐப்பசி, கார்த்திகை மழையில ஒரு கற்பூர மரம் லைன் மேல சாஞ்சா போதும், எந்த எஸ்டேட்டுக்கு எப்ப கரண்ட் வரும்னு யாருக்கும் தெரியாது. சித்திரை, வைகாசில மத்தியானம் ஆனா இடி. போன வருஷம் என் கடைக்கு வந்து செத்துப் போன பொட்டிங்கள்ல முக்கால்வாசி மின்னலும் வோல்டேஜும் கொன்னதுதான், சிப் பழசாகி செத்தது ஒண்ணு கூட இல்ல.

இதுல மினிக்கு ஒரு நல்ல குணம் இருக்கு. எம்4 மினி சும்மா ஆன்ல இருந்தா 4 வாட், முழுசா ஓடினா 65 வாட், ஆப்பிளே போட்டிருக்கற கணக்கு. இப்ப ஒரு சாதாரண 600 விஏ யூபிஎஸ் எடுத்துக்கோங்க, உள்ள 12 வோல்ட் 7 ஆம்பியர் அவர் பேட்டரி ஒண்ணு, 84 வாட் அவர். அதுல பாதிதான் நம்ம கைக்கு வரும்னு வச்சாலும் 40க்கு மேல. மினி எடிட் பண்ணிட்டு இருக்கறப்போ ஒரு 35, மானிட்டர் 25, மோடம் 10னு 70 வாட் போட்டா அரை மணி நேரத்துக்கு மேல ஓடும். கிராஃபிக்ஸ் கார்டு போட்ட பெரிய விண்டோஸ் பொட்டி இதே யூபிஎஸ்ல சேவ் பண்றதுக்குள்ள கொய்யோன்னு கத்திட்டு அணையும். வீட்டு இன்வெர்ட்டர்ல குடுக்கறதா இருந்தா சைன் வேவ் இன்வெர்ட்டரான்னு பாத்துக்கோங்க.

யூபிஎஸ் பேட்டரி குளிர்ல கொஞ்சம் சோம்பேறி ஆயிடும், கோயம்புத்தூர்ல குடுக்கற நேரத்தை ஊட்டில குடுக்காது. ரெண்டு மூணு வருஷத்துல பேட்டரியை மாத்திடுங்க, விளக்கு பச்சையா எரியுதுன்னு நம்பாதீங்க. இன்னொண்ணு, எர்த். பழைய பங்களா, லைன் வீடு ரெண்டுலயும் பிளக்குல மூணாவது ஓட்டை இருக்கும், பின்னாடி ஒயரே இருக்காது. பொட்டியைத் தொட்டா சுருக்குனு இழுக்குதுன்னு சொல்றாங்கள்ல, அது பெரும்பாலும் இதுதான். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அதைப் பாருங்க, அறுபதாயிரத்துக்கு பொட்டி வாங்கறவங்க ஆயிரத்துக்கு யோசிக்கறது எனக்குப் புரியவே இல்ல. இடி இடிக்கறப்போ பிளக்கைப் பிடுங்கறதோட நெட் கேபிளையும் பிடுங்குங்க, மின்னல் அந்த வழியாவும் வரும், போர்டு வெந்து போனது ரெண்டு பாத்திருக்கேன், ரெண்டுலயும் பவர் நல்லா இருந்துச்சு, லேன் போர்ட்தான் கரிஞ்சிருந்துச்சு.

கேள்வி: ஊட்டி குளிருக்கு தாங்குமா?

ஆப்பிள் குடுத்திருக்கற அளவு 10 டிகிரில இருந்து 35 டிகிரி செல்சியஸ் வரைக்கும், அந்த வெப்பத்துக்குள்ள ஓட்டணும்னு. சென்னைக்காரங்க 35ஐப் பாத்து பயப்படணும், நாம 10ஐப் பாக்கணும். மார்கழி, தை காலையில தலைகுந்தா பக்கம் புல்லெல்லாம் வெள்ளையா உறைஞ்சு கிடக்கு, ராத்திரி பூட்டின கடைக்குள்ள எவ்வளவு இருக்கும்னு நினைக்கறீங்க, நிச்சயமா 10க்கு கீழதான். அணைச்சு வச்சிருக்கறப்போ மைனஸ்ல போனாலும் ஒண்ணும் ஆகாது, ஓட்டறப்போதான் விஷயம். கடையைத் திறந்து ஷட்டரைத் தூக்கின உடனே பட்டனை அமுக்காம, டீ குடிச்சுட்டு வெயில் ஏறினதும் போடுங்க, அவ்வளவுதான்.

குளிரை விட மோசம் ஈரம். காத்துல ஈரம் 90 சதவீதம் வரைக்கும் ஓகே, ஆனா தண்ணியா படியக்கூடாதுங்கறது நிபந்தனை. கண்ணாடி போட்டவங்க வெளிய இருந்து அடுப்படிக்குள்ள போனா கண்ணாடி மூடிக்கும்ல, அதேதான், சில்லுனு இருக்கற இரும்பு, அலுமினியம் எதுவா இருந்தாலும் சூடான ஈரக்காத்து பட்டா வேர்க்கும். ராத்திரி பூரா கார்ல கிடந்த பொட்டியை எடுத்துட்டு வந்து ஹீட்டர் போட்ட ரூம்ல வச்சு உடனே ஆன் பண்ணாதீங்க, அட்டைப் பெட்டிக்குள்ளயே ரெண்டு மூணு மணி நேரம் விடுங்க. மிஸ்ட் இறங்கற நேரத்துல ஜன்னலை சாத்துங்க. மழைக்காலத்துல மாசக்கணக்கா ஓட்டாம மூடி வைக்கறதுதான் ரொம்ப கெடுதல், லென்ஸ்ல பூஞ்சை பூக்கற ஊர் இது, போர்டு மட்டும் தப்பிக்குமா? தினமும் கொஞ்ச நேரமாவது ஓடட்டும், அந்த லேசான சூடே அதைக் காயவச்சுடும்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். மினி மேல ஸ்வெட்டர் துணி, சால்வை எதையும் போத்தாதீங்க, அடியிலயும் விரிக்காதீங்க. எம்4 மினி மூச்சு விடறதே அடிப்பக்கம் இருக்கற அந்த வட்டக் காலு வழியாத்தான், காத்து உள்ள போறதும் வெளிய வர்றதும் அங்கதான். கோத்தகிரியில ஒரு பாட்டி "குளிருதேப்பா அதுக்கு"ன்னு கம்பளி விரிச்சு மேல வச்சிருந்தாங்க, பேரன் ஃபேன் சத்தம்னு தூக்கிட்டு வந்தான். கம்பளியை எடுத்ததும் சத்தம் நின்னுச்சு, சர்வீஸ் சார்ஜ் வாங்கல.

கேள்வி: உயரத்துல காத்து கம்மியாமே, சூடாகாதா?

5,000 மீட்டர் வரைக்கும் சோதிச்சதுன்னு போட்டிருக்காங்க. தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்தான். தாராளமா ஓட்டுங்க.

கேள்வி: பத்திரிகை, நோட்டீஸ் அடிக்கற பிரஸ் வச்சிருக்கேன், தமிழ் டைப் பண்ண முடியுமா?

முடியும்ங்க, எதுவும் வாங்கவே வேண்டாம், தமிழ்99, அஞ்சல் ரெண்டு கீபோர்டும் சிஸ்டத்துலயே இருக்கு. முத்து நெடுமாறன் செஞ்ச இணைமதி எழுத்துருவும் கூடவே வருது, படிக்க அழகா இருக்கும். சிக்கல் எங்கன்னா உங்க பழைய ஃபைல்ங்க. பாமினி, வானவில்னு பதினைஞ்சு வருஷ கல்யாணப் பத்திரிகையும் கருமாதிப் பத்திரிகையும் வச்சிருப்பீங்க, அந்த ஃபான்டைப் போட்டா எழுத்து தெரியும், ஆனா தேடினா கிடைக்காது, யூனிகோடுக்கு மாத்தினாத்தான் உருப்படும். பக்கம் வடிவமைக்கற பழைய பேஜ்மேக்கர் சாஃப்ட்வேர் ஓடவே ஓடாது, அதை இன்னும் கட்டிட்டு அழறவங்க பழைய பொட்டியை ஓரமா வச்சுக்கோங்க. கோரல்ட்ராவுக்கு மேக்ல தனியா இருக்கு.

கேள்வி: ஐமேக்?

எம்4 ஐமேக் 1,34,900 ரூபா. ஹோம்ஸ்டே வரவேற்புல வைக்க அழகா இருக்கும். ஸ்கிரீன் ஒண்ணு போனா மொத்தமும் போச்சு, மலைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். மினிக்கு பொட்டியும் கரண்ட் ஒயரும் மட்டும்தான் வரும், மானிட்டர், கீபோர்டு, மவுஸ் உங்களோடது, அதுலயும் பழைய தட்டை யுஎஸ்பி ஓட்டை ஒண்ணு கூட கிடையாது, ஒரு ஹப் வாங்கிக்கோங்க. 32 இன்ச்சுக்கு மேல மானிட்டர் பாக்கறவங்களுக்கு 2025 செப்டம்பர் 22ல இருந்து ஜிஎஸ்டி 28 சதவீதத்துல இருந்து 18 ஆயிடுச்சு, அது ஒரு நல்ல சேதி.

கேள்வி: செகண்ட் ஹேண்ட்ல வாங்கலாமா?

எம்1, எம்2 தாராளமா. இன்டெல் மினியை சும்மா குடுத்தா கூட யோசிங்க. மேக்ல ஓடற சிஸ்டம் மேக்ஓஎஸ், அதோட இந்த வருஷ பதிப்பு டஹோ 2018 மினிக்கு வரல, மத்த இன்டெல் மேக்குக்கும் இதுதான் கடைசின்னு ஆப்பிள் சொல்லிட்டாங்க. எம்1 2020ல வந்தது, இன்னும் புது சிஸ்டம் வாங்கிட்டு இருக்கு. வாங்கறப்போ விக்கறவங்க பக்கத்துல இருக்கறப்பவே எல்லாத்தையும் அழிச்சு, முதல்ல இருந்து ஆன் பண்ணி, பழைய ஓனரோட பாஸ்வேர்ட் கேக்குதான்னு பாருங்க. கேட்டா காசைக் குடுக்காதீங்க, நல்ல மனுஷனா தெரியறாரு, ஊருக்காரரு, பின்னாடி சொல்றேன்னாருன்னு எல்லாம் எங்கிட்ட வந்து நிக்காதீங்க, அந்தப் பூட்டை நான் உடைக்க முடியாது.

கேள்வி: ஆன்லைன்ல வாங்கவா, கீழ போய் வாங்கவா?

தமிழ்நாட்டுல ஆப்பிளோட சொந்தக் கடை இன்னும் இல்ல, பக்கத்துல இருக்கறது பெங்களூருதான், அது இந்த செப்டம்பர்லதான் திறந்தாங்க. ஆப்பிள் ஆன்லைன்ல வாங்கினா 14 நாளைக்குள்ள திருப்பிக் குடுக்கலாம், புதுசு வர்ற நேரம் நெருங்கிடுச்சோன்னு சந்தேகமா இருந்தா அந்த 14 நாள் பெரிய விஷயம், நான் கடையில வாங்கினதால எனக்கு அது இல்லாம போச்சு. ஆனா மழைக்காலத்துல மேட்டுப்பாளையம் ரோட்டுல மண் சரிஞ்சா பார்சல் கீழயே நிக்கும், டெலிவரி தேதியை நம்பி வேலை ஒப்புக்க வேண்டாம். ரிப்பேர்னு வந்தா எப்படியும் மலை இறங்கித்தான் ஆகணும், ஒரு நாள் வேலை போகும்.

கேள்வி: ஆன் பண்ற பட்டன் எங்க இருக்கு? தேடித் தேடிப் பாத்துட்டேன்.

அடியில. பின்பக்க மூலையைக் கொஞ்சம் தூக்கி விரலை விட்டுப் பாருங்க. யாரு யோசிச்சாங்களோ தெரியல. ஸ்லீப்ல விட்டுட்டா அதைத் தொடவே வேண்டாம், 4 வாட்டுக்கும் கம்மிதான்.

கேள்வி: சரி, நீங்க எம்5க்கு காத்திருக்கீங்களா வாங்கறீங்களா?

காத்திருக்கேன். அந்த எம்2 எட்டு ஜிபி கடையில பில் போட, டிஸ்க் காப்பி எடுக்க, பாட்டு கேக்க நல்லாவே ஓடுது, அதைத் தூக்கிப் போட எனக்கு ஒரு காரணமும் இல்ல. வந்ததும் வாங்கறேனான்னா, முதல்ல ரேம் விலையைப் பாக்கணும், அப்புறம் வீட்டுல கேக்கணும். போன வாரம் யூபிஎஸ் பேட்டரி மட்டும் மாத்தினேன், பழசு பதினோரு நிமிஷத்துல படுத்துடுச்சு.